யாரும் கேட்காமல் தூக்கிய விரல்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. கிரிக்கெட் நடுவர் என்பவர் வெள்ளைச் சட்டை போட்ட பிரிபெக்ட் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நான் நம்பியிருந்தேன். பிரிபெக்ட் யார் என்று தெரியாமல் நோர்வேயில் பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: போர்டிங் பள்ளிக்கூடங்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை மேய்ப்பதற்காக மேல்வகுப்பிலிருந்து பொறுக்கி எடுக்கப்படும் மாணவன். ஓடாதே என்பான், கதையாதே என்பான். ஒருவரும் முறைப்பாடு செய்யாவிட்டாலும் தானே கண்டு, தானே பிடித்து, தானே கொண்டுபோய் வார்டனின் கதவைத் தட்டுவான். யாழ்ப்பாணத்தில் நான் அப்படி ஒருவனாக இருந்தேன். சட்டைப்பையில் குத்தியிருந்த அந்தச் சின்ன வட்டப் பதக்கத்தை ஊரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். உள்ளுக்குள் அது குத்தியபடியே இருந்திருக்கிறது.

இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. விளையாட்டுகளை எல்லாம் நல்ல மனம் படைத்த வெள்ளைக்கார அதிபர்கள் யோசித்துக் கண்டுபிடித்து, பிள்ளைகள் நேர்மையாக வளரட்டும் என்று மேலேயிருந்து இறக்கித் தந்தார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் கல்லூரி மண்டபத்தில் நீளத் தாடியோடு தொங்கிய அந்தப் படங்களுக்குக் கீழே நின்றால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

இந்தக் கோடையில் முதன்முதலாக நடுவர் சட்டை போடப்போகிறீர்கள். நான் பதினாறு வருடம் ஒஸ்லோவின் கீழ்ப்பிரிவு ஆட்டங்களில் நின்றுவிட்டு, முழங்கால் இரண்டும் சேர்ந்து ராஜினாமாக் கடிதம் கொடுத்ததால் விலகியவன். வயது ஐம்பத்து நாலு. முழங்கால்களுக்கு மட்டும் எண்பது. காலில் பட்ட பந்துக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது, அகலப் பந்து எது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் படம் போட்டுச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது அந்தப் படங்களில் இல்லாத ஒரு சனிக்கிழமை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் யாழ்ப்பாணத்தின் இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஒஸ்லோவில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் ஆடுவார்கள். ஒன்று நான் படித்த கல்லூரி. மற்றது, மற்றக் கல்லூரி. பெயர் எழுதினால் இதை இரண்டு பக்கமும் கிழிக்கும். ஸ்டோவ்னருக்குக் கிட்ட, செயற்கைப் புல் போட்ட உதைபந்தாட்ட மைதானத்தின் நடுவில் நீளப் பாய் விரித்து ஆடுவோம். நாலு மணிக்குச் சின்னப் பிள்ளைகள் உதைபந்தோடு வந்துவிடுவார்கள். அதற்குள் பாயைச் சுருட்டவேண்டும்.

ஆரம்ப வருடங்களில் பதினொருவருக்கு இருபத்தைந்து பேர் அடிபடுவார்கள். பிறகு முதுகு, கொலஸ்ட்ரோல், கண் எல்லாம் ஒவ்வொருவராக ஆட்களைக் கொண்டுபோயின. முதலில் மகன்மார் ஆடலாம் என்று விதி எழுதினார்கள். அதுவும் போதாமல் மருமகன்மாரும் ஆடலாம் என்று எழுதினார்கள். மற்றக் கல்லூரியின் அணித்தலைவர் குணசீலன், பல் வைத்தியர். அவருடைய மருமகன் லார்ஸ் என்ற நோர்வேஜியர். ஹாண்ட்போல் ஆட்டத்தில் கோல் காப்பவர். மாமாவின் கல்லூரிப் பெயரை நாக்கைக் கடிக்காமல் அவரால் சொல்ல முடியாது. ஆனால் கழுத்தில் கல்லூரி ரை கட்டிக்கொண்டு வருவார், விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பார், ஒரு பந்தையும் விடமாட்டார்.

எனக்கு நாற்பத்தெட்டு வயதான அந்த வருடம் எங்கள் பக்கம் வியாழக்கிழமை வரை பதினொரு பேர் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒருவருக்கு இடுப்புப் பிடித்தது. சனிக்கிழமை காலை, பெட்டியிலிருந்து துடுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த எங்கள் செயலாளர் பாலன் அண்ணைக்கு முன்னால் ஜெசிந்தா வந்து நின்றார்.

ஜெசிந்தா ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். அவருடைய அப்பா எங்கள் போர்டிங்கின் சமையல்காரர். குசினிக்குப் பின்னால், கல்லூரி மதிலுக்கு உள்ளேயே வீடு. பின்னேரங்களில் குசினிச் சுவருக்கு முன்னால் பயிற்சி எடுத்த பெடியங்களுக்கு அந்தப் பிள்ளை பந்து போடும். பெடியங்கள் அடிக்க முடியாமல் திணறுவார்கள். ஒருநாள் ஒரு பிரிபெக்ட் வார்டனிடம் போய்ச் சொன்னான். சமையல்காரரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். பந்து போடுவது அதோடு நின்றது. யார் அந்தப் பிரிபெக்ட் என்று கேட்காதீர்கள், முதல் பந்தியிலேயே சொல்லிவிட்டேன்.

“நான் ஆடுறன் பாலன் அண்ணை,” என்றார் ஜெசிந்தா.

பாலன் அண்ணை எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வருபவர். பழைய மாணவர் பட்டியலைப் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பில் வைத்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே கோப்பி குடிப்பவர். கக்கத்திலிருந்த அந்தக் கோப்பை இன்னும் இறுக்கினார்.

“பழைய மாணவர் எண்டால் படிச்சிருக்கவேணும் பிள்ளை. நீ அங்கை இருந்தனி. படிக்கேல்லை.”

“லார்ஸ் எந்த வகுப்பிலை படிச்சவர்?”

“அது மருமகன் விதி. அதோடை அவர் அவையின்ரை பக்கம்.”

“அப்ப எங்கடை பக்கத்துக்குச் சமையல்காரன் மகள் விதி ஒண்டு எழுதுங்கோவன். பேனை தரட்டோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாலன் அண்ணை சிரிக்கவில்லை. பத்துப் பேரோடு இறங்குவதா என்ற கணக்கு அவருக்குள் ஓடியது.

“சரி, இண்டைக்கு ஆடு. பத்து ஓட்டம் எடுத்தியெண்டால் பட்டியலிலை உன்ரை பேர் நிரந்தரமா இருக்கும். எடுக்காட்டி, பேந்து ஒரு வருசமும் கேக்கப்படாது.”

“பந்து போட்டுக் காட்டுறனே அண்ணை.”

“பந்து போட எங்களிட்டை ஆக்கள் இருக்கினம். பத்து ஓட்டம்.”

அவர் பந்து போடுகிற ஆள், துடுப்புப் பிடிக்கிற ஆள் இல்லை என்று பாலன் அண்ணைக்கு நன்றாகத் தெரியும். இதைக் கயமை என்று சொல்லமாட்டேன். செயலாளர்த்தனம்.

நான் சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் குனிந்தபடி ஜெசிந்தாவிடம் கேட்டேன், ஏன் உனக்கு இந்தக் கரைச்சல் என்று.

“என்ரை மனுசன் உங்கடை ஆள் எண்டு பதினெட்டு வருசமா உங்கடை ஒன்றுகூடலுக்கு வந்து குசினியிலை நிண்டு ரோல்ஸ் சுத்துறன் அண்ணை. அவருக்குப் பந்தெண்டால் என்னெண்டும் தெரியாது. பட்டியலிலை அவரின்ரை பேர் இருக்கு. அப்பா இருபத்தாறு வருசம் அவைக்குச் சோறு போட்டவர். என்ரை பேர் ஒருக்கா அதிலை இருக்கட்டுமன்.”

நான் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

மற்ற நடுவரைப் பற்றியும் சொல்லவேண்டும். வழக்கமாக ஒவ்வொரு கல்லூரியும் ஒரு நடுவரைத் தரும். எங்கள் பக்கத்து ஆள் நான். முந்தின வருடம் மற்றக் கல்லூரி நடுவர் தன் சொந்த மைத்துனனையே ஆட்டமிழந்ததாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர்கள் தங்கள் ஆளை நம்புவதில்லை. நடுநிலையாக ஒருவர் வேண்டும் என்று கேட்டு, கிரிக்கெட் சங்கத்திலிருந்து ஒரு நோர்வேஜியப் பெண்மணி வந்திருந்தார். என் வயதுதான். உயர்தரப் பள்ளியில் வரலாறு படிப்பிப்பவர். மாணவியாக இருந்தபோது ஒரு வருடம் இங்கிலாந்தின் ஒரு போர்டிங் பள்ளியில் இருந்து படித்தவர், அங்கேதான் இந்த வியாதி தொற்றியதாம்.

இடைவேளையில் நான் அவருக்கு ரோல்ஸ் கொடுத்துவிட்டுப் பெருமை அடித்தேன். எங்கள் கல்லூரி இங்கிலாந்துப் போர்டிங் பள்ளிகளைப் பார்த்து அச்சொட்டாகக் கட்டியது, இல்லங்கள், இல்லத் தலைவர்கள், தொப்பி, கொடி, எல்லாம் அந்தப் பெரிய அதிபர்கள் தந்தது என்று.

அவர் கடித்த ரோல்ஸை விழுங்கிவிட்டு, “அதிபர்கள் தந்ததா?” என்றார். “அவர்கள் முதலில் அதை விரும்பவே இல்லையே.”

பிறகு அவர் நிதானமாகச் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுப்பு முடிந்தால் ஆசிரியர்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்களாம். பிள்ளைகள் தாங்களாகவே விளையாடினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் முற்றம்தான் விதி எழுதியது. கல் பதித்த முற்றம் உள்ள பள்ளியில் விழுந்தால் எலும்பு முறியும், அதனால் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டார்கள். பெரிய புல்வெளி உள்ள பள்ளியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எதிராளியின் முழங்கால் எலும்புக்குக் கீழே உதைப்பது சில இடங்களில் முறைப்படி அனுமதி. மிச்ச நேரத்தில் மதில் பாய்ந்தார்கள், பக்கத்துக் காணிகளில் முயல் பிடித்தார்கள், ஊர்க்காரரோடு அடிபட்டார்கள். சில பள்ளிகளில் பிள்ளைகள் ஆசிரியர்களுக்கு எதிராகக் கிளம்பி, அடக்குவதற்குப் படையைக் கூப்பிடவேண்டி வந்ததாம்.

“பிறகுதான் அதிபர்களுக்கு விளங்கியது,” என்றார். “விளையாட்டைக் கட்டாயமாக்கினால் பிள்ளைகள் மதிலுக்குள் நிற்பார்கள். பின்னேரம் முழுக்க ஓடவிட்டால் களைத்துப்போய்ப் படுப்பார்கள். இல்லம், தலைவர், தொப்பி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நேர்மை, குணம் என்ற பேச்சுகளும்.”

எனக்கு வாயிலிருந்த ரோல்ஸ் இறங்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் போர்டிங்கில் அடிக்கும் மணி நினைவுக்கு வந்தது. விளையாட வராதவர்களின் பெயரை எழுதிக்கொண்டு நான் வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. ஏழு மணிக்குப் பூட்டும் இரும்புக் கதவு. ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளையும் கண் திறந்திருக்காது. தாடிக்காரர் எங்களை நல்ல மனிதராக்கினார் என்றல்லவா நினைத்திருந்தேன்? மனுசன் எங்களைப் படுக்கப்போட்டிருக்கிறார்.

“விதிகளை எழுதியது யார் தெரியுமா?” என்று அவர் தொடர்ந்தார். “பழைய மாணவர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன இடத்தில் ஒருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான், மற்றவன் அது களவு என்றான். சேர்ந்து ஆடவே முடியவில்லை. உட்கார்ந்து எழுதினார்கள். வளர்ந்த பிறகும் பள்ளிக்கூடத்தை விட மனமில்லாத ஆட்கள்.” சொல்லிவிட்டு எங்கள் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பதினேழு பேர், வயிறு தள்ளிய கல்லூரிச் சட்டைகளில், எந்த வருடம் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“அந்த உதைபந்தாட்டங்களில் நடுவர் என்று ஒருவரும் முதலில் இல்லை. இரண்டு தலைவர்களும் கதைத்துத் தீர்ப்பார்கள். அவர்களால் முடியாவிட்டால் மட்டும் வெளியே நிற்கிற ஒருவரைக் கேட்பார்கள். அந்தப் பழக்கம் இன்றைக்கும் கிரிக்கெட்டில் மிச்சம் இருக்கிறது, கேட்டால் மட்டும் நாம் வாய் திறக்கிறோம்.”

“தெரியும், தெரியும்,” என்றேன். அப்பீல், அதாவது எதிரணி ‘அவுட்டா’ என்று கத்திக் கேட்பது, இல்லாமல் நடுவர் ஒருவரை ஆட்டமிழந்ததாகச் சொல்லக்கூடாது என்பது நடுவர் சோதனையில் வந்த முதல் கேள்வி. சரியாக எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் நான்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து நிலைமை இது. எங்கள் பக்கம் ஒன்பது பேர் ஆட்டமிழந்தாயிற்று. வெல்ல நாலு ஓட்டம். மிச்சம் எட்டுப் பந்து. ஒரு முனையில் பாலன் அண்ணை. மறுமுனையில் ஜெசிந்தா, ஒன்பது ஓட்டங்களுடன். ஒன்பதும் ஒவ்வொன்றாக, ஒஸ்லோக் குளிர்காலத்தில் மலைப்பாதையில் பஸ்ஸை இறக்குவதுபோல எடுத்தவை.

நான் பந்து போடுகிற முனையில். பக்கத்தில் பாலன் அண்ணை துடுப்பை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். பந்து போட்டவர் துரொண்ட்ஹெய்மிலிருந்து அதற்கென்றே வந்த பழைய மாணவர் ஒருவரின் மகன், நல்ல வேகம். பந்து பாயில் குத்தி எழும்பியது. ஜெசிந்தா துடுப்பைத் தூக்கினார். அதே நேரம் மரங்களுக்குப் பின்னால் சுரங்க ரயில் போனது. பெயர்தான் சுரங்கம், எங்கள் பக்கத்தில் அது வெளியேதான் சத்தம் போட்டு ஓடும். பந்தை லார்ஸ் இடப்பக்கம் பாய்ந்து பிடித்தார். பிடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்துவதுபோல அமைதியாகப் பக்கத்தில் நின்றவரிடம் எறிந்தார்.

ஒருவரும் கத்தவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் கேட்டது. ஜெசிந்தாவின் கையுறையில் ஒரு சின்ன டிக். அதில் பட்டுப் பிடித்தாலும் அவுட்தான்.

என் விரல் மேலே போயிற்று.

நான் தூக்கவில்லை என்று சத்தியம் பண்ணத் தயார். அது தானாகப் போனது. பதினெட்டு வயதில் அந்தக் கை அப்படித்தான் தானாக எழும்பி வார்டனின் கதவைத் தட்டியது. மைதானம் முழுவதும் என் விரலைப் பார்த்தது. நானும் பார்த்தேன். யாருடைய விரல் இது என்பதுபோல. உடனே இறக்கினால் பிழை விளங்கிவிடுமே என்று வானத்தைப் பார்த்தேன், மழை வருகிறதா என்று விரலை நீட்டிப் பார்ப்பதாக ஒரு பாவனை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பிறகு அதே கையால் தலையைச் சொறியலாமா என்று யோசித்தேன். தலையில் தொப்பி. என் வாழ்க்கையில் நாலு விநாடி அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

மற்ற நடுவர் தன் இடத்திலிருந்து நடந்து வந்தார். மெதுவாகக் கேட்டார்: “யாரும் கேட்டார்களா?”

“இல்லை.”

“அப்படியானால் கை ஏன் மேலே?”

“இறங்கமாட்டேன் என்கிறது.”

அதற்குள் குணசீலன் ஓடி வந்துவிட்டார். “என்ன, அவுட்டோ? எப்பிடி அவுட்?” லார்ஸ் நோர்வேஜிய மொழியில் வெகு மரியாதையாகச் சொன்னார், பந்து கையுறையில் பட்டது, தான் பிடித்தேன் என்று.

“தெரிஞ்சுகொண்டு ஏன் கத்தேல்லை?” மாமாவின் குரல் மருமகனுக்கு மேலால் பறந்தது.

லார்ஸ் உண்மையாகவே விளங்காமல் மாமாவைப் பார்த்தார். “நடுவர் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறார். அவரை நோக்கிக் கத்துவது மரியாதையில்லையே.”

கை ஒருவழியாக இறங்கியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “என்ரை பிழை. ஒருதரும் அப்பீல் கேக்கேல்லை. கேக்காமல் நான் சொல்ல ஏலாது. ஆட்டமிழக்கேல்லை.”

எங்கள் பக்கம் கைதட்டியது. ஆனால் விதியின் மற்றப் பாதியும் எனக்குத் தெரியும். பந்து வீசுபவர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்கும்வரை எதிரணி கேட்கலாம். கேட்டால் நான் கேட்ட சத்தத்தைச் சொல்லவேண்டும். சொன்னால் ஜெசிந்தா ஒன்பதில் போவார். என் விரல் எழும்பியிராவிட்டால் ஒருவருக்கும் இந்த யோசனையே வந்திராது.

குணசீலன் வந்து எனக்கு முன்னால் நின்றார். “இனியும் கேக்கலாமோ?”

“கேக்கலாம்.”

“கேட்டால்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுவன்.”

பந்து வீசுபவர் தன் தொடக்கக் கோட்டில் போய் நின்றிருந்தார். இதைக் கவனமாகக் கேளுங்கள். நான் அவரைப் பார்த்துக் கையால் ஒரு சைகை காட்டினால் போதும், அவர் ஓடத் தொடங்கிவிடுவார். கேட்கிற உரிமை அந்த விநாடியே செத்துவிடும். ஒருவருக்கும் பிடிபடாது. ஜெசிந்தாவுக்கு நான் முப்பது வருடக் கடனைத் தீர்த்ததாகவும் இருக்கும். கை உண்மையாகவே அரித்தது. நான் அதைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு, உள்ளே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை கேட்காமல் தீர்ப்புச் சொன்னவன், அதை மறைக்க இரண்டாம் முறையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான பாடம் இதுதான். நல்லது செய்ய நினைக்கிற கையைத்தான் முதலில் பைக்குள் விடவேண்டும்.

குணசீலன் யோசித்தார். இப்போது கேட்டு வென்றால், நடுவர் சொல்லித் தந்து வென்றவர்கள் என்று இருபது வருடம் எங்கள் ஆட்கள் பாடுவார்கள். அது அவருக்கு விளங்கியது. பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்துவிட்டுப் பாலன் அண்ணையிடம் திரும்பினார்.

“நான் கேக்கேல்லை பாலன். கேக்கவும் மாட்டன், எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன். ஆனால் உங்கடை கல்லூரிப் பிள்ளையள் பட்டால் தாங்களாவே நடப்பினம் எண்டு வருசா வருசம் மைக்கிலை சொல்லுறீர். இண்டைக்கு நடக்கட்டும், பாப்பம்.”

நடப்பது என்றால் இது: ஆட்டமிழந்தது தனக்குத் தெரிந்தால், நடுவரையும் பாராமல், எதிரணி கேட்பதையும் பாராமல், துடுப்பாட்டக்காரர் தானாக வெளியேறுவது. விதி அதை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் கல்லூரிக்கு அது ஒரு மதம்.

பாலன் அண்ணையின் முகம் ஓட்டப் பலகைக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. நாலு ஓட்டம். ஏழு பந்து. பிறகு ஜெசிந்தாவிடம் நடந்து போனார். நாங்களும் பின்னால் போனோம், வெட்கமில்லாமல்.

“பிள்ளை, பட்டதோ?”

“பட்டது.”

“அப்ப… எங்கடை கல்லூரியிலை ஒரு வழக்கம் இருக்கு.”

“என்ன வழக்கம் அண்ணை?”

“பட்டால் நடக்கிறது.”

ஜெசிந்தா துடுப்பை இரண்டு கால்களுக்கும் நடுவில் ஊன்றினார். “அது படிச்சவைக்கு. நான் அங்கை இருந்தனான், படிக்கேல்லை. காலமை நீங்கள்தானே சொன்னியள்.”

மற்றக் கல்லூரிக்காரர் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை.

“நான் உங்கடை கல்லூரி எண்டால் சொல்லுங்கோ, இப்பவே நடக்கிறன். இல்லையெண்டால் இதிலை நிக்கிறன். ஏழு பந்து இருக்கு. நான் பஸ் ஓடுறனான், சிவப்பு விளக்கிலை நிண்டு நல்ல பழக்கம்.”

நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“ரவி அண்ணை, நீங்கள் கதையாதையுங்கோ. அண்டைக்கும் ஒருதரும் கேக்காமல்தான் வார்டனிட்டைப் போய்ச் சொன்னனீங்கள்.”

முப்பது வருடமாக இவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை ஒன்றுகூடலில் என் கையில் தேத்தண்ணி தந்திருக்கிறார், “சீனி காணுமோ அண்ணை” என்று கேட்டிருக்கிறார். நான் என் தொப்பியைக் கழற்றினேன். எதற்கென்று தெரியவில்லை. திரும்பப் போட்டேன்.

பாலன் அண்ணை கீழே பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொன்னால் ஏழு பந்தும் நாலு ஓட்டமும் கையில். ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டு, இனி மைக்கைப் பிடித்து என்ன சொல்வது? மனிதர் பொல்லாதவர் இல்லை. ஒரு பட்டியலைக் காவிக்காவி அதுதான் கல்லூரி என்று நினைத்துவிட்டவர். நாலு மணிப் பிள்ளைகள் எல்லைக் கோட்டில் வந்து உதைபந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

“ஓம்,” என்றார்.

“என்ன சொல்லுறீர்? இஞ்சை கேக்கேல்லை,” என்றார் குணசீலன்.

“ஓம் எண்டு சொல்லுறன்! எங்கடை பிள்ளை! எங்கடை கல்லூரிதான்!” அவர் குரல் உடைந்து கீச்சிட்டது. “போ பிள்ளை, நட!”

ஜெசிந்தா கையுறையைக் கழற்றி, துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். முதலில் கைதட்டியது லார்ஸ். பாலன் அண்ணை என்னைக் கடந்து போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், “ஏழு பந்து கிடந்தது, மடையா.”

மற்ற நடுவர் விக்கெட் குச்சிகளின் மேலிருந்த சின்னக் கட்டைகளை எடுத்து என் கையில் தந்தார். “இன்று நாம் செய்தது ஒன்றும் இல்லை, அவர்களே கதைத்துத் தீர்த்துக்கொண்டார்கள்,” என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பது ரயிலேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நடந்தது இவ்வளவுதான். ஜெசிந்தா ஒன்பது ஓட்டங்களுடன், லார்ஸின் பிடியில் ஆட்டமிழந்தார். நாங்கள் மூன்று ஓட்டங்களால் தோற்றோம். பாலன் அண்ணை அன்று பின்னேரமே கோப்பைத் திறந்து, பட்டியலின் கடைசி வரியில் ஜெசிந்தாவின் முழுப் பெயரையும் எழுதினார். படித்த ஆண்டு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார்.